ஏழாம் குட்டையிலிருந்து ஷெட் வரை

விடியக்காலை மூன்றே காலுக்கு என் போன் அடித்தது. அடித்தவர் மச்சான். அடித்திருக்க வேண்டியதோ ஷெட்டில் நான் மாட்டிவைத்த கருவி.

“மாப்ள, ஏழாம் குட்டைல எறா கரையோரம் வந்து தலை தூக்குது. ஒங்க பொட்டி வாயே தெறக்கல.”

இறால் வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக: தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், குட்டைக்காரர்கள் வாயில் ‘டிஓ’, பகலில் பச்சைப்பாசி விடும் மூச்சில் ஏறும். இருட்டியதும் பாசியும் மூச்சு வாங்கத் தொடங்கும், இறாலும் வாங்கும், அடியில் கிடக்கும் தீவனக் கழிவும் வாங்கும். விடிவதற்கு முன்புதான் ஆகக் குறைவு. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மச்சானுக்குத் தூக்கம் போகும். 3க்குக் கீழே போனால் இறாலுக்கே ஆபத்து. அன்றைக்குக் காவலுக்கு இருந்த பெரியவர் டார்ச்சோடு சுற்றி வந்ததால் பிழைத்தது. தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டர் ஒன்றைக் கூடுதலாகத் தள்ளிவிட்டுப் போட்டார்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். திருப்பாப்புலியூரில் இன்வெர்ட்டர், மோட்டார் போர்டு பழுது பார்க்கும் சின்னக் கடை. மச்சானின் பண்ணை பரங்கிப்பேட்டைப் பக்கம், வெள்ளாற்றுக்குச் சற்று வடக்கே. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பி.முட்லூரில் திரும்ப வேண்டும். பைக்கில் ஒரு மணி நேரம். ஒன்பது குட்டைகள் ஒரே வரிசையில், கரைக்குக் கரை சுமார் 80 மீட்டர். ஒரு முனையில் ஷெட், ஜெனரேட்டர், கட்டில். மறுமுனையில் ஒன்பதாம் குட்டை, 700 மீட்டருக்கு மேல். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பு. 2011 டிசம்பர் 30 தானே புயலில் பழைய சவுக்கு மொத்தமும் படுத்துவிட்டது. இப்போது நிற்பது அதன்பிறகு வைத்தது. அடர்த்தியாக, என் ரேடியோ அலைக்கு நேர் எதிரியாக நிற்கிறது.

ஒவ்வொரு குட்டைக்கும் ஒரு நோடு, அதாவது டிஓவை அளந்து ரேடியோவில் ஷெட்டுக்குச் சொல்லும் பெட்டி. டிஓ குறைந்தால் ஷெட்டில் இருக்கும் கருவி மச்சானுக்குப் போன் அடிக்க வேண்டும். உள்ளே 3.3 வோல்ட் ஆர்டுயினோ புரோ மினி என்ற குட்டிக் கணினிப் பலகை, ஒரு டிஓ முனை, தண்ணீரின் சூடு பார்க்க டிஎஸ்18பி20, நேரத்துக்கு டிஎஸ்3231, பேச என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் ரேடியோ. கடையில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடந்ததால் அந்த ரேடியோ. தூரமாகப் பேசும் லோரா ரேடியோ வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருந்திருக்காது என்று நீங்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையில் இருந்ததை வைத்துச் செய்தபோதுதான், செய்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்ற கேள்வியை நேருக்கு நேர் பார்க்க நேர்ந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸில், கரை மட்டத்தில் நிற்கும் ஒரு பெட்டியிலிருந்து 700 மீட்டர் நேராகப் போக முடியாது. நடுவில் இருக்கும் நோடுகள் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். யார் யாரிடம் கொடுப்பது என்பதை நோடுகளே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் ஒன்று பழுதானால் நான் கடலூரிலிருந்து வந்து சேரும்வரை இறால் காத்திருக்காது.

முதல் நிரலில் நான் செய்தது, புதிதாக எழுதுகிற எல்லோரும் செய்வது. ஷெட்டில் எல்லாச் செய்தியையும் வாங்கிக்கொள்ளும் கருவியான கேட்வே ‘நான் 0’ என்று சொல்லும். அதைக் கேட்ட நோடு ‘நான் 1’ என்று சொல்லும். அதைக் கேட்டது ‘நான் 2’. ஒவ்வொன்றும் தன் காதில் விழுந்த எண்களிலேயே சிறியதைச் சொன்னவரைத் தாய் நோடாக வைத்துக்கொள்ளும். எத்தனை தாவல், அதாவது எத்தனை கைமாற்று என்பது மட்டும்தான் கணக்கு. மதியம் சோதித்தேன். ஏழாம் குட்டைச் செய்தி 7, 4, 1, ஷெட் என்று மூன்றே தாவலில் வந்தது. மச்சானுக்கு எண்ணைக் காட்டினேன், டீ வாங்கிக் கொடுத்தார், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்தப் போன்.

ஷெட்டில் பதிவான கணக்கை எடுத்துப் பார்த்தேன். பகல் முழுக்க ஏழாம் குட்டையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று, ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் ஒழுங்காக வந்திருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஓட்டை ஓட்டையாக. இரண்டு மணிக்கு மேல் ஏழு, எட்டு, ஒன்பது மூன்றுமே சுத்தமாக இல்லை. ஆறு மணிக்கு மேல் எதுவுமே நடக்காதது போல மறுபடி வந்திருக்கின்றன.

மச்சான் ஒரே வார்த்தையில் முடித்தார்: “ஏத்தவத்தம்.” வெள்ளாறு கடலோடு சேரும் இடம், ஓதம் ஏறினால் வாய்க்கால் மட்டமும் ஏறும், தண்ணீர் ஏறினால் அலை தட்டும். எனக்கும் சரியென்று பட்டது. ஆனால் ஓதம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளித்தான் வரும். அப்படியானால் ஓட்டை விழும் நேரமும் தள்ளிப்போயிருக்க வேண்டும். ஆறு நாள் பதிவையும் அடுக்கிப் பார்த்தேன். ஓட்டை மணிக்கூண்டு மாதிரி அதே ஒன்பதரைக்குத்தான் தொடங்கியிருந்தது. கடலுக்குக் கடிகாரம் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். ஒன்பதரைக்கு யாரோ எதையோ செய்கிறார்கள்.

அதற்கு முன் வழக்கமான சந்தேகங்களைத் தீர்த்தேன். பவர் ஆம்ப் வைத்த இந்த ரேடியோ பேசும்போது 115 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். பக்கத்தில் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் மின்னழுத்தம் சரிந்து பாதி வார்த்தையில் நாக்கு குழறும். ஏற்கெனவே 10 மைக்ரோஃபேரட் இருந்தது, 100 ஆக்கினேன். கொஞ்சம் தேவலை, ஓட்டை போகவில்லை. சேனலை 78க்கு மாற்றினேன். அதாவது 2478 மெகாஹெர்ட்ஸ், ஷெட்டில் மச்சான் வைத்திருக்கும் வைஃபைக்கு மேலே. அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி லேப்டாப்போடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். கொசுவைப் பற்றி எழுதினால் கட்டுரை நீண்டுவிடும். ஒன்பது இருபதுக்குக் கடைசித் தீவனம் முடிந்தது. ஒன்பதரைக்குப் பெரியவர் வரிசையாக நடந்துபோய் ஒவ்வொரு குட்டையிலும் எல்லா ஏரேட்டர்களையும் போட்டார். பகலில் ஒன்றிரண்டு ஓடும், ராத்திரி அத்தனையும் ஓட வேண்டும். துடுப்புச் சக்கரம் சுற்றி உப்புத் தண்ணீரை வாரி அடித்தது. கடல் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் நின்ற என் பெட்டிகளின் மீது தெளித்தது. நான்காம் குட்டை நோடின் ஆண்டெனாவை டார்ச் அடித்துப் பார்த்தேன். வியர்த்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருந்தது.

மறுநாள் வெயிலில் சோதித்தேன். பூச்சிமருந்து அடிக்கும் கைப்பம்பில் குட்டைத் தண்ணீரை ஊற்றி, நான்காம் நோடு மேல் பனி மாதிரி அடித்தேன். ஏழிலிருந்து நான்குக்கு நூறு செய்தி அனுப்பினால், காய்ந்திருக்கும்போது 81, நனைந்தபின் 34. துணியால் துடைத்துவிட்டேன்: மறுபடி 78. காரணம் கிடைத்துவிட்டது.

ஆனால் தண்ணீர் தெளிப்பது மட்டும் குற்றவாளி இல்லை. ஏழுக்குப் பக்கத்திலேயே ஆறு நிற்கிறது. 80 மீட்டர் தூரத்தில், நனைந்தாலும் காய்ந்தாலும் நூற்றுக்கு 95 கேட்கிற இடத்தில். ஏழு ஏன் ஆறிடம் கொடுக்காமல் நான்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது? நான் அப்படிச் சொல்லிக்கொடுத்ததால்தான். தாவல் எண்ணிக்கை மட்டும் பார்க்கிற கணக்கு எப்போதும் ஆக நீளமான தாவலைத் தேடிப் பிடிக்கும். ஆக நீளமான தாவல் என்பது பெரும்பாலும் அறுந்துபோகக் காத்திருக்கும் தாவல். வாய்க்காலை மூன்று மூன்று படியாகத் தாண்டுகிறவன் காய்ந்த நாளில் சீக்கிரம் போவான். மழை நாளில் சேற்றில் கிடப்பான்.

இன்னொரு கோளாறும் அந்த அறிவிப்பில் ஒளிந்திருந்தது. ‘நான் 2’ என்ற அறிவிப்பு எட்டு பைட். டிஓ செய்தி 32 பைட். சின்னது தப்பிப் பிழைக்கும் இடத்தில் பெரியது சாகும். மேலும் அறிவிப்புக்குப் பதில் தேவையில்லை. செய்திக்கு ‘கிடைத்தது’ என்ற பதில் திரும்பி வர வேண்டும். போகிற வழி நன்றாக இருந்து வருகிற வழி மோசமாக இருந்தால் அறிவிப்பு மட்டும் காதில் விழும். என் பெட்டியில் பவர் ஆம்ப் வைத்த மாட்யூல் ஏழுதான் இருந்தது; 3, 8 இரண்டுக்கும் சாதாரண மாட்யூல் போட்டிருந்தேன். அந்த ஏழு பேரின் குரல் ஊருக்கே கேட்டது. மூன்றாம் நோடு பதில் சொன்னால் அது பக்கத்துக் கரையைக்கூடத் தாண்டவில்லை. இந்தக் கலப்படத்தை அன்றைக்கே ஒழித்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே மாட்யூல்.

இந்தச் சிக்கல் எனக்கு முன்பே பலர் மாட்டிக்கொண்டதுதான். அமெரிக்காவின் எம்ஐடியில் டக்ளஸ் டி கூட்டோவும் மற்றவர்களும் 2003ல் ஈடிஎக்ஸ் என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். ஒரு செய்தி ஒரு தாவலைக் கடக்கச் சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்பதுதான் ஈடிஎக்ஸ். போகும் வெற்றி விகிதத்தையும் பதில் திரும்பும் விகிதத்தையும் பெருக்கி, ஒன்றை அதால் வகுத்தால் வரும். ராத்திரி 7க்கும் 4க்கும் நடுவே போவது பாதி, பதில் வருவது பத்துக்கு ஆறு என்று வையுங்கள். 0.5 பெருக்கல் 0.6, அதாவது 0.3. ஈடிஎக்ஸ் 3.33. 7லிருந்து 6, 6லிருந்து 4 என்றால் ஒவ்வொரு தாவலிலும் இருபக்கமும் 0.9 கிடைக்கிறது: 0.81, ஈடிஎக்ஸ் 1.23, இரண்டு தாவலுக்கு 2.47. தாவல் ஒன்று கூடினாலும் மொத்தச் செலவு குறைவு. நேர்வழியை விடச் சுற்றுவழி மலிவு என்பதை நோடுக்குப் புரியவைக்க இந்த ஒரு வகுத்தல் போதும்.

இதில் என் பழைய ரேடியோ எதிர்பாராத உதவி செய்தது. என்ஆர்எஃப்24க்குக் காதில் விழும் அலையின் பலத்தை அளந்து சொல்லத் தெரியாது. ‘பலமாகக் கேட்டதா, இல்லையா’ என்று ஒரே ஒரு பிட் மட்டும் வைத்திருக்கிறது. ஆனால் பதில் வராவிட்டால் தானாகவே 15 முறை வரை மறுபடி அனுப்பும். எத்தனை முறை மறுபடி அனுப்பியது என்பதை ஒரு ரெஜிஸ்டரில் எழுதி வைக்கும். ஆர்எஃப்24 என்ற ஆயத்த நிரல் நூலகத்தில் அதை ஒரே வரியில் கேட்டு வாங்கலாம். அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அதுவே அந்தச் செய்திக்கான ஈடிஎக்ஸ். அறிவிப்புகளை எண்ணி ஊகிக்க வேண்டியதே இல்லை. உண்மையான 32 பைட் செய்தி, உண்மையான நேரத்தில், உண்மையாக எவ்வளவு திணறியது என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு நோடிலும் மறுமுயற்சிக்கான இடைவெளியை மட்டும் வேறு வேறாக வைத்துவிடுங்கள். ஒரே இடைவெளி என்றால் மோதிக்கொண்ட இருவர் மறுபடியும் சரியாக அதே நேரத்தில் மோதிக்கொள்வார்கள்.

அளவைச் சராசரியாக்க, பழைய மதிப்பில் எட்டில் ஏழு பங்கு, புதியதில் ஒரு பங்கு என்று கலந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி வரும் இடத்தில் இது ஆமை வேகம். ஒன்பதரைக்கு ஏரேட்டர் ஓடத் தொடங்கினால், நோடுக்கு உறைக்கப் பத்தே முக்கால் ஆகிறது. அதனால் கெட்ட செய்தி வந்தால் நாலில் ஒரு பங்கு, நல்ல செய்தி வந்தால் எட்டில் ஒரு பங்கு. பதினைந்து முறையும் தோற்றால் காத்திருக்காமல் அடுத்த நல்ல அண்டை நோடிடம் அப்போதே கொடுத்துவிட வேண்டும். இப்போது இருக்கும் தாய் நோடு மட்டுமே அளக்கப்பட்டு, மற்றவர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போகக் கூடாதே. அதற்காக மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு அண்டை நோடுக்கும் அதே 32 பைட் நீளத்தில் வெற்றுச் செய்தி ஒன்று போகும்.

புது நிரலை ஏற்றிய முதல் ராத்திரி ஒன்பதரைக்கு மேலும் ஏழு பேசிக்கொண்டிருந்தது. பன்னிரண்டே காலுக்கு ஏழும் ஆறும் சண்டை போடத் தொடங்கின.

நடந்தது இதுதான். ஆறுக்கு நான்கும் ஐந்தும் ஒரே நேரத்தில் மோசமாயின. ஆறு சுற்றிப் பார்த்தது. ஏழு ‘என்னிடமிருந்து ஷெட்டுக்குச் செலவு 5’ என்று கொஞ்ச நேரம் முன்பு சொல்லியிருந்தது. நல்ல விலை என்று ஆறு செய்தியை ஏழிடம் கொடுத்தது. ஏழின் அந்த 5, ஆறு வழியாகப் போனால் ஆகும் செலவு. ஏழு செய்தியைத் திரும்ப ஆறிடமே கொடுத்தது. ஆறு ஏழிடம். ‘நீ சொல்லு’ ‘நீ சொல்லு’ என்று கல்யாண வீட்டில் பேச்சை ஆரம்பிக்கத் தெரியாத இரண்டு சம்பந்திகள் மாதிரி. ஒவ்வொரு செய்தியிலும் எட்டுத் தாவல் என்று எல்லை வைத்திருந்ததால் எட்டாவதில் செத்தது. இல்லாவிட்டால் பேட்டரி தீரும்வரை ஓடியிருக்கும்.

இதற்கு மருந்து 2009ல் வந்த சிடிபி என்ற சேகரிப்பு மர முறையில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் பிலிப் லெவிஸும் அவரோடு நால்வரும் எழுதியது. மருந்து ரொம்ப எளிது. ஒவ்வொரு செய்தியோடும் அனுப்புகிறவரின் செலவையும் எழுதி அனுப்ப வேண்டும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓட வேண்டும். செலவு ஒவ்வொரு கையிலும் குறைந்துகொண்டே வர வேண்டும். வாங்குகிற நோடின் செலவு, கொடுத்தவரின் செலவைவிடக் குறைவாக இல்லையென்றால் எங்கோ ஒருவரின் கணக்கு பழசு. செய்தியைத் தூக்கிப்போட வேண்டாம், கொஞ்சம் பொறுத்து அனுப்பலாம். ஆனால் உடனே ‘என் செலவு இவ்வளவு, உங்களுடையது என்ன’ என்று அறிவிப்பைத் தூண்டிவிட வேண்டும். சுற்று இருக்கிறதா என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. மாட்டிக்கொண்ட செய்தியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அறிவிப்பு எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்பதற்கு, அதே ஆட்கள் பயன்படுத்தும் ட்ரிக்கிள் விதியை எடுத்துக்கொண்டேன். ஒன்றும் மாறாதவரை இடைவெளி 1 நிமிடம், 2, 4, 8 என்று இரட்டிப்பாகி என் பண்ணையில் 64 நிமிடம் வரை போகும். ஏதாவது தப்பாகத் தெரிந்த நொடியில் மறுபடி 1 நிமிடம். ஊரில் சண்டை இல்லாதபோது பஞ்சாயத்து கூடுவதில்லை, அவ்வளவுதான். இணைய உலகம் இதையெல்லாம் சேர்த்து 2012ல் ஆர்பிஎல் என்று ஒரு தரமாக எழுதி வைத்திருக்கிறது. 2 கிலோபைட் ரேம் இருக்கும் சில்லில் அதை முழுதாக ஏற்ற எனக்குத் தெம்பில்லை, தேவையும் இல்லை. ஆளுக்கு ஆறு அண்டை நோடு, ஒரு தாய், ஒரு செலவு: என் அட்டவணை நூறு பைட்டைத் தாண்டவில்லை.

சுற்று போனதும் ஆட்டம் வந்தது. ஐந்தாம் நோடுக்கு 3 வழியாக 2.6, 2 வழியாக 2.5. அடுத்த செய்தியில் 2.5, 2.6. ஒவ்வொரு முறையும் தாயை மாற்றியது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே இருக்கிறவர்கள் எல்லாம் கணக்கு மாற்றினார்கள். புது வழி பழையதைவிட 1.5 அளவாவது மலிவாக இருந்தால் மட்டும் மாறு என்று ஒரு வரி. சிடிபியும் ஆர்பிஎல் ஆட்களும் வைத்திருக்கும் அதே 1.5தான். முதலில் 0.5 வைத்துப் பார்த்தேன், போதவில்லை. பெரியவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

இனி மின்சாரம். குட்டைக்குக் குட்டை மின்கம்பி போகிறது, ஆனால் கரண்ட் போகும் நேரத்தில்தான் இந்தக் கருவியே தேவை. எனவே பேட்டரி. இந்த ரேடியோ கேட்டுக்கொண்டிருக்க மட்டும் 45 மில்லி ஆம்பியர், சில்லுக்கு 4. எப்போதும் காது திறந்திருந்தால் 2600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட 18650 செல் இரண்டேகால் நாளில் காலி. ஆகவே எல்லா நோடும் ஒன்றாகத் தூங்கி ஒன்றாக விழிக்கின்றன. டிஎஸ்3231ன் இரண்டாம் அலாரம் நிமிடத்துக்கு ஒருமுறை சரியாகப் பூஜ்ய விநாடியில் தட்டி எழுப்பும். 2 விநாடி காது திறந்திருக்கும், அப்புறம் தூக்கம். சராசரி 1.63 மில்லி ஆம்பியர். இரண்டு செல் பக்கவாட்டில் சேர்த்தால் காகிதத்தில் 132 நாள். வனாமி இறால் பிடிப்பு 110, 120 நாளில். கணக்கு கச்சிதம், அதனால் நான் நம்பவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் உள்ளங்கை அளவு சோலார் தகடு ஒன்றும் ஒட்டியிருக்கிறேன். புரோ மினியில் சிவப்பு எல்இடியையும் ரெகுலேட்டரையும் ஈயம் உருக்கி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கத்திலும் குடிக்கும். கடிகாரம் துல்லியமானதுதான், மில்லியனுக்கு 2 பங்குப் பிழை என்றால் நாளுக்கு 0.17 விநாடி. ஆனால் மலிவு மாட்யூல்களில் சிலவற்றில் இருப்பது டிஎஸ்3231எம், அதில் 5 பங்கு. அறிவிப்போடு நேரத்தையும் சேர்த்து அனுப்பித் திருத்திக்கொண்டே இருந்தால் கவலையில்லை.

இந்த இடத்தில் ஒரு வாரத்தை வீணடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் எதைப் படித்தாலும், கேட்வேக்குப் பக்கத்தில் இருக்கும் நோடுகள்தான் ஊர் செய்தியெல்லாம் சுமந்து முதலில் சாகும், சுமையைச் சுழற்சி முறையில் பங்கிடு என்று எழுதியிருக்கும். 2000ல் வந்த லீச் முறை இதற்காகவே தலைவனை மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கும். ஆனால் அதில் எந்த நோடும் தலைவனாகி நேராகக் கேட்வேயிடம் பேச முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது; என் ஒன்பதாம் குட்டை அந்தப் பதவிக்கு லாயக்கில்லை. சரி, செலவுக் கணக்கில் பேட்டரி மின்னழுத்தத்தையாவது சேர்ப்போம் என்று எழுதினேன். பாதைகள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அலைந்தன. அப்புறம் ஒரு நாள் மீட்டர் வைத்துக் கணக்குப் பார்த்தேன். இரண்டாம் நோடு மற்ற எட்டுப் பேருக்காகவும் அனுப்பினால்கூட, ஒரு நாளில் 1152 செய்தி, ஒவ்வொன்றும் காற்றில் 1.3 மில்லி விநாடி. மொத்தம் ஒன்றரை விநாடி. மறுமுயற்சிகளைச் சேர்த்தாலும் சில விநாடி. சும்மா காதைத் திறந்துவைத்திருப்பது எவ்வளவு? நிமிடத்துக்கு 2 விநாடி என்றால் நாளுக்கு 48 நிமிடம். எல்லோருக்கும் ஒரே 48 நிமிடம். பேச்சு சில்லறை, கேட்பதுதான் குடும்பச் செலவு. என் வடிவமைப்பில் யாரும் யாருக்கும் முன்னால் சாகப்போவதில்லை. பேட்டரி வரிகள் எல்லாவற்றையும் நிரலிலிருந்து அழித்தேன்.

நிரலை விட்டுக் கம்பத்துக்கு வருகிறேன். உண்மையில் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். ரேடியோ அலை இரண்டு ஆண்டெனாவுக்கு நடுவே நூல் மாதிரி போவதில்லை. நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒடுங்கிய பூசணிப் பிஞ்சு மாதிரி ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு போகும். 160 மீட்டர் தூரத்துக்கு, இந்த அலைநீளத்தில், அதன் நடுப்பகுதி 2.2 மீட்டர் ஆரம். என் பெட்டிகள் கரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தன. அதாவது பூசணியின் அடிப்பகுதி தண்ணீருக்குள். மச்சானிடம் சொன்னதும் சவுக்குத் தோப்பிலேயே ஒன்பது கட்டை வெட்டிக் கொடுத்தார். பெட்டியைக் கீழேயே விட்டு ஆண்டெனாவை மட்டும் உயர்த்தினால் கேபிளில் பலம் போகும் என்பதால் பெட்டியோடு சேர்த்து 3 மீட்டருக்கு ஏற்றினோம். ஏரேட்டர் தெளிக்கும் தண்ணீரில் முக்கால்வாசி அதன் கீழேயே நின்றுவிட்டது. 7க்கும் 4க்கும் ராத்திரி ஈடிஎக்ஸ் 3.3லிருந்து 1.8 ஆனது. எந்தத் தோப்பு வழியை அடைத்ததோ அதுவே கம்பமும் கொடுத்தது.

உப்புக் காற்றுக்கு எதிராகச் செய்தவை: ஆண்டெனாவைத் திருகும் எஸ்எம்ஏ இணைப்புகளின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், போர்டின் மேல் இரண்டு பூச்சு நெயில் பாலிஷ் (வீட்டில் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் எடுக்காதீர்கள்), பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை. எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் உள்ளே வியர்த்த தண்ணீர் வெளியே போக வழியிருக்காது. டிஓ முனையின் சவ்வை வாரம் ஒருமுறை பெரியவர் மெல்லிய துணியால் துடைக்கிறார். பாசி படிந்தால் அது சொல்லும் எண்ணை எந்தப் பாதையில் அனுப்பினாலும் பொய்தான்.

வைகாசியில் ஒரு ராத்திரி கோடை இடியோடு மழை. ஒன்று ஐம்பதுக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் தானாக ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை; டீசல் குழாயில் காற்று. ஒன்பது குட்டையிலும் ஏரேட்டர் நின்றது. மறுநாள் பதிவைப் பார்த்தபோதுதான் நான் யோசிக்காத ஒன்று தெரிந்தது. ஏரேட்டர் நின்றால் தெளிப்பும் நிற்கும். எல்லோருக்கும் மிக மோசமான அந்த இருபது நிமிடத்தில் என் ரேடியோ வழிகள் மதிய வெயிலைப் போல இருந்தன. மழையில் சவுக்கு நனைந்து 5க்கும் 6க்கும் நடுவே மட்டும் செலவு ஏறியது. ஏழு, ஆறை விட்டு நேராக 4க்குத் தாவியிருந்தது. முன்பு வேண்டாம் என்று ஒதுக்கிய அதே பழைய வழி, இந்த முறை அளந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த வழி. டிஓ 3.9 என்ற செய்தி இரண்டு பத்துக்கு ஷெட்டுக்கு வந்தது. அங்கே சிம் போட்டிருக்கும் ஜிஎஸ்எம் மாட்யூல் மச்சானுக்குப் போன் அடித்தது.

அப்புறம் எட்டுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று, மறுபடி ஏழுக்கு ஒன்று. காலை ஆறு மணிக்குள் பதினாலு அழைப்பு.

“வந்துது மாப்ள, வந்துது. டீசல காத்து எடுத்து ஓட்டிட்டோம். ஆனா ஒரு தடவ அடிச்சா பத்தாதா? ஒங்க அக்கா போன தூக்கி வெளிய எறியச் சொல்றாங்க.”

அதைச் சரிசெய்தேன்: 4க்குக் கீழே போனால் ஒரு அழைப்பு, 4.5க்கு மேல் ஏறிய பிறகு மறுபடி இறங்கினால்தான் அடுத்தது.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. எட்டாம் நோடு தினமும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை செலவு 1.2லிருந்து 2.8க்கு ஏறி இறங்குகிறது. ஏரேட்டர் இல்லை, மழை இல்லை, ஓதமும் இல்லை. மூன்று நாள் நிரலில் தேடினேன். பெரியவர்தான் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். ஆண்டெனா நுனியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்து குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் எடையில் ஆண்டெனா கரைப்பக்கம் சாய்ந்திருந்தது.

“அதுக்குன்னு ஒரு குச்சி நட்டு வைங்க தம்பி, கொஞ்சம் ஒசரமா. அதுல போய் ஒக்காந்துக்கும்.”

பக்கத்தில் நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு மூங்கில் நட்டோம். நேற்றைய பதிவில் ஒன்பது மணிக்கு எட்டாம் நோடின் செலவு 1.2. பத்து மணிக்கு 1.3. பதினொன்றே காலுக்கு 2.7: இப்போது இரண்டு மீன்கொத்தி.